அதே 199 கிலோ: ஒரு வருஷம் நாலாவது இடம், மறு வருஷம் வெள்ளி. வீராங்கனைகளின் புகழை எதை வைத்து எடை போடுவது?

காட்பாடிவாசி கேட்டது:

வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு விளையாட்டுப் பலகை தயாராகிறது. வாரம் ஒரு வீராங்கனை, ஒரு படம், பத்து வரி. பளுதூக்கும் சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரி இருக்கும் ஊர் என்பதால் பளுதூக்குதலில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு. எழுத உட்கார்ந்தால்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் வாரத்துக்கு மீராபாய் சானு என்றதும் மாணவிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "டோக்கியோவில் ஒரு வெள்ளி, அதுக்கு இவ்ளோ பில்டப்பு. பாரிஸ்ல வெறும் கையோட வந்தாங்க" என்பது ஒரு கட்சி, மறு கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த குழப்பம் உள்ளூர்ச் செய்தி: "சர்வதேசத் தங்க மங்கை", "ஒரே போட்டியில் மூன்று தங்கம்", "புதிய சாதனை" என்று பேப்பரிலும் ஃபிளெக்ஸிலும் வருகிறது. எத்தனை கிலோ, எந்தப் பிரிவு என்று ஒரு வரி இருக்காது. மூன்றாவது ரீல்ஸ். பல லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் ஒரு பெண் "110 கிலோ" என்று போட்ட வீடியோவைத்தான் பிள்ளைகள் மீராபாயைவிட அதிகம் பார்க்கிறார்கள்.

புகழ் எது, திறமை எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். 13, 14 வயசுப் பிள்ளைகளுக்கு விளக்குகிற அளவுக்கு எளிதாக இருந்தால் நல்லது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டில் "சர்வதேசப் போட்டி", பணம் கட்டினால் போகலாம் என்று சில பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருக்கிறது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

வெள்ளை விளக்கு:

மேடம், பதக்கத்தின் நிறத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டோட்டலைப் பாருங்கள். ஸ்னாட்சில் (ஒரே மூச்சில் தலைக்கு மேல்) சிறந்த ஒன்று, ஜெர்க்கில் (முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேல்) சிறந்த ஒன்று, இரண்டையும் கூட்டினால் டோட்டல். அது அந்தப் பெண்ணுடைய கணக்கு. பதக்கத்தின் நிறத்தில் அன்றைக்கு எதிரே யார் வந்தார்கள் என்பதும் கலந்திருக்கும்.

மீராபாயின் டோட்டல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக், 49 கிலோ பிரிவு: 87 + 115 = 202, வெள்ளி. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்: 88 + 113 = 201, தங்கம். பாரிஸ் 2024: 88 + 111 = 199, நாலாவது. 2025 அக்டோபர், நார்வேயில் உலகச் சாம்பியன்ஷிப், புதிய 48 கிலோ பிரிவு: 84 + 115 = 199, வெள்ளி.

இந்த நாலு போட்டியிலும் டோட்டல் மூன்று கிலோவுக்கு மேல் நகரவே இல்லை. ஆனால் செய்தியில் அவர் ஒரு தடவை தேவதை, ஒரு தடவை தங்க மங்கை, ஒரு தடவை ஏமாற்றம். பர்மிங்ஹாமில் இரண்டாவது வந்தவர் தூக்கியது 172. இடைவெளி 29 கிலோ. பாரிஸில் வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண்ணின் டோட்டல் 200. ஒரே ஒரு கிலோவில் போனது. அங்கே மீராபாய் கடைசியாக 114 கேட்டு எடுத்தார், நிற்கவில்லை. அது நின்றிருந்தால் 202, பதக்கம். அப்போதும் தங்கம் வந்திருக்காது, ஏனென்றால் சீனாவின் ஹூ ஷீஹுய் 206, ருமேனியாவின் மிஹேலா காம்பேய் 205.

இந்தப் பாடத்துக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 77 கிலோ பிரிவு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 328 கிலோ, தங்கம். வேலூரே கொண்டாடியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 329. ஒரு கிலோ கூட. இடம் 11. ரியோவுக்கு யாரும் பேனர் கட்டவில்லை, ஆனால் அவர் அதிகம் தூக்கியது ரியோவில்தான். பலகையில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் "ஆறுக்கு எத்தனை" என்று பார்க்கணும். ஒவ்வொருத்தருக்கும் ஸ்னாட்சில் மூன்று, ஜெர்க்கில் மூன்று, மொத்தம் ஆறு வாய்ப்பு. ரியோவில் மீராபாய்க்கு ஆறில் ஒன்றுதான் நின்றது. ஜெர்க் மூன்றும் போனதால் டோட்டலே இல்லை. டோக்கியோவில் ஆறில் நாலு. ஒரு வீராங்கனை தொடர்ந்து நாலு, ஐந்து நிறுத்துகிறார் என்றால் அவருடைய பயிற்சியும் எடைத் தேர்வும் சரியாகப் போகிறது. ஆறில் இரண்டு மட்டும் நிறுத்தித் தங்கம் வாங்கினால் அன்றைக்குப் போட்டி குறைவு என்று அர்த்தம். அடுத்த பெரிய மேடையில் அது கையைக் கடிக்கும்.

மிகைப்புகழா என்று கேட்ட பிள்ளைகளுக்கு நேராகவே சொல்லுங்கள்: 2021 ஏப்ரலில் தாஷ்கண்ட் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் அவர் ஜெர்க்கில் தூக்கிய 119, அன்றைக்கு உலக சாதனை. 48 கிலோ, 49 கிலோ உடம்பு, தலைக்கு மேலே அதைப்போல கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. மிகைப்படுத்துகிற இடம் வேறு. டோக்கியோ முடிந்ததும், தங்கம் வாங்கிய ஹூ ஷீஹுயை ஊக்கமருந்துச் சோதனைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மீராபாய்க்குத் தங்கம் கிடைக்கும் என்று நாடு முழுக்கச் செய்தி ஓடியது. ஒன்றுமே இல்லை. ஹூவின் 210 இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

ராணிப்பேட்டை மேசை:

செய்தி மேசைப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். உள்ளூர் விளையாட்டுச் செய்தி பெரும்பாலும் சங்கமோ பயிற்சிக்கூடமோ அனுப்பும் குறிப்பு. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அச்சாகும். ஆகவே, இல்லாததைத் தேடுங்கள்.

"மூன்று தங்கம்" என்பதில் பொய் இருக்காது. பல சாம்பியன்ஷிப்களில் ஸ்னாட்சுக்கு ஒன்று, ஜெர்க்குக்கு ஒன்று, டோட்டலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதக்கம் உண்டு. ஒரே நாள், ஒரே மேடை, ஆறு தூக்கு, மூன்று பதக்கம். ஒலிம்பிக்கில் டோட்டலுக்கு மட்டும்தான். இது இரண்டு பக்கமும் வெட்டும். மேலே வெள்ளை விளக்கு சார் சொன்ன தாஷ்கண்ட் 119க்கு ஜெர்க் தங்கம், ஆனால் டோட்டல் 205க்கு வெண்கலம். "ஆசியத் தங்கம்" என்று எழுதினாலும் சரி, "ஆசிய வெண்கலம்" என்று எழுதினாலும் சரி. எதற்கு என்று எழுதாவிட்டால் இரண்டுமே அரைகுறை.

"காமன்வெல்த் தங்கம்" என்றால் கேம்ஸா, சாம்பியன்ஷிப்பா என்று கேளுங்கள். கேம்ஸ் நாலு வருஷத்துக்கு ஒரு முறை. சாம்பியன்ஷிப் அடிக்கடி நடக்கும், யூத், ஜூனியர், சீனியர் என்று தனித்தனிப் பட்டியலும் இருக்கும். யூத் 13 முதல் 17 வயசு, ஜூனியர் 15 முதல் 20. அதுவும் இல்லாமல் சீனாவும் வட கொரியாவும் காமன்வெல்த்தில் கிடையாது. நார்வேயில் மீராபாய்க்கு மேலே நின்ற வட கொரியாவின் ரி சாங் கும் தூக்கியது 213. பெண்கள் எடைக் குறைந்த பிரிவுகளில் உலகம் எங்கே நிற்கிறது என்பதற்கு அந்த எண் போதும்.

"புதிய சாதனை" என்றால் தேதியைப் பாருங்கள். பெண்கள் எடைப் பிரிவுகள் 2018இல் மொத்தமாக மாறின, 2025 ஜூனில் மறுபடி மாறின: 48, 53, 58, 63, 69, 77, 86, 86க்கு மேல். பிரிவு மாறினால் பழைய சாதனைப் பட்டியல் மூடப்படும். உலக அளவில் ஒரு தர எடையை முன்கூட்டியே வைத்து, அதைத் தாண்டினால்தான் சாதனை என்பார்கள். கீழ் மட்டத்தில், புதுப் பிரிவில் முதல் போட்டியில் முதலாவது வந்தவரே சாதனைக்காரர் ஆகிவிடலாம். பொய் கிடையாது. ஆனால் பக்கத்துப் பழைய பிரிவில் அதற்கு முன் என்ன தூக்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற கேள்வி. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெண்களின் மேல் எடைப் பிரிவுகளில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், சில சமயம் ஒருத்தரே இருப்பார். மேடை ஏறி ஒரு டோட்டல் போட்டாலே தங்கம். அந்தப் பிள்ளையைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆள் இல்லாத பிரிவில் ஏறி நிற்கவும் துணிச்சல் வேண்டும். ஆனால் "மாநிலத் தங்கம்" என்ற ஒரே சொல் இருபது பேரைத் தாண்டி வந்தவளுக்கும் இவளுக்கும் ஒன்றாக நிற்கிறது. முடிவுத் தாளில் எல்லாப் பெயரும் இருக்கும். சங்கத்திடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பணம் கட்டிப் போகும் போட்டி பற்றி: பெற்றோரிடம் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். "இதுக்குப் படிவம் 1 யார் கையெழுத்துப் போடுவாங்க?" மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு, நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1 தேசியச் சம்மேளனத்தின் செயலாளரிடம் இருந்து வரவேண்டும். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டி என்றால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகங்களுக்கு இடையே என்றால் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை. தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4, கல்வித் துறை. அங்கீகாரம் இல்லாத அமைப்பு நடத்தும் போட்டியில் தேர்வே இருக்காது, பணம் கட்டினவர் எல்லாரும் "இந்தியா" பனியன் போட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் மாலை, ஃபிளெக்ஸ், பேப்பரில் படம் எல்லாம் கிடைக்கும். படிவம் கிடைக்காது. கையில் இருக்கிற நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடட்டும்.

குடியாத்தம் பார்பெல்:

ரீல்ஸ் பத்தி நான் சொல்றேங்க்கா. எடையை வீடியோவிலேயே எண்ணலாம், கஷ்டமே இல்ல.

போட்டி பிளேட்டுக்கு நிறம் உண்டு. சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. அதுக்கு மேல சின்னச் சின்னதா வெள்ளை 5, சின்னச் சிவப்பு 2.5, அப்படிப் போகும். பிளேட்டு மாட்டுற கம்பிதான் பார்; பெண்கள் பார் 15 கிலோ, ஆண்கள் பார் 20. போட்டியில ரெண்டு பக்கமும் பூட்டுற காலர் ஒண்ணு 2.5 கிலோ, ஆக ரெண்டும் 5. அப்போ பெண்கள் போட்டின்னா பாரும் காலரும் சேர்ந்தே 20. டோக்கியோல மீராபாய் போட்ட 115ஐ எடுத்துக்குங்க: 115ல 20 போனா 95, ஒரு பக்கம் 47.5. சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, சின்னச் சிவப்பு ஒண்ணு. பிள்ளைங்க கிட்ட பழைய போட்டி வீடியோவ போட்டு நிறுத்தி எண்ணச் சொல்லுங்க, ஒரு பீரியட்ல பழகிடுவாங்க.

எங்க ஏமாறுவோம்னா, இந்த பெரிய ரப்பர் பிளேட்டு பத்து கிலோவும் இருபத்தஞ்சு கிலோவும் ஒரே விட்டம், 45 சென்டிமீட்டர். தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு. தடிமனும் நிறமும்தான் வித்தியாசம். ஜிம்ல எல்லாமே கறுப்பா இருந்துட்டா, மூணு மூணு பத்து கிலோ மாட்டினாக்கூட மலை மாதிரி தெரியும். கறுப்பு பிளேட்டுன்னா அதுல அச்சடிச்ச எண்ணு தெரியுதான்னு பாருங்க. கேமரா அதைக் காட்டவே இல்லன்னா அந்த எடையை நம்பி பலகையில எழுதாதீங்க.

பிறகு தூக்கின விதம். மணிக்கட்டுல பட்டை சுத்தி பார்ல கட்டியிருந்தா அது பயிற்சித் தூக்கு, போட்டியில அதுக்கு அனுமதி இல்ல. பிடி நழுவாததால கூட வரும். கட்டைங்க மேல பாரை வெச்சு முட்டி உயரத்துல இருந்து எடுத்தா அதுவும் வேற கணக்கு. ரொம்ப முக்கியமா முழங்கை. மேல போன பிறகு கை மடங்கி, அப்புறம் தள்ளி நேராக்கினா அது பிரஸ் அவுட், நடுவர் சிவப்பு போடுவார். கை நேரா, ரெண்டு காலும் ஒரு கோட்டுல, அசையாம நின்னு, நடுவர் "கீழே"ன்னு சைகை தர்ற வரைக்கும் வெச்சிருக்கணும். மூணு நடுவர்ல ரெண்டு வெள்ளை விளக்கு விழுந்தாத்தான் அது தூக்கு. நிறைய ரீல்ல பார் மேல போன அதே நொடியில வீடியோ வெட்டிடும். நின்னாளா, பின்னால சரிஞ்சதான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதுல எனக்கு நிஜமாவே பயம் இருக்குது. 14 வயசுப் பொண்ணு அதைப் பாத்துட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை உச்ச எடை போட்டுப் பாக்கணும்னு அடம் பிடிக்கும். வளர்ற உடம்புக்கு வேலை நடக்க வேண்டியது உச்சத்துல எழுபதுல இருந்து எண்பத்தஞ்சு சதவீதத்துல, சுத்தமான தூக்கு நிறைய. தொண்ணூறுக்கு மேல அடிக்கடி போனா முதல்ல கெடுறது டெக்னிக். பார் முன்னால ஓடும், அதைப் பிடிக்க இடுப்பு வளையும், முழங்கை மடங்கும், அப்புறம் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். சின்னப் பிரிவுல பதக்கம் ஈஸின்னு சாப்பாட்டை நிறுத்தி எடையைக் குறைக்கச் சொல்றதும் நடக்குது. எடை பாக்குறது போட்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. தண்ணி வத்திப்போன உடம்பு அந்த ரெண்டு மணி நேரத்துல முழுசா மீளாது, பார் கையில வழுக்கும்.

பாலாறு 632:

எல்லாரும் எண் எண் என்கிறீர்கள். ஒரு எதிர்ப்பேச்சு. புகழ் அதிகமாக இருக்கிறவரை உடனே "மிகைப்புகழ்" என்று முத்திரை குத்துவதும் அதே தப்புதான், திசை மட்டும் வேறு.

டென்னிஸில் அன்னா கோர்னிகோவாவை இன்றைக்கும் உதாரணமாகச் சொல்வார்கள்: ஒற்றையரில் ஒரு டூர் பட்டமும் இல்லாமல் உலகப் புகழ். உண்மைதான், பட்டம் இல்லை. ஆனால் ஒற்றையரில் எட்டாவது இடம் வரை போனவர், இரட்டையரில் உலக முதலிடம், மார்ட்டினா ஹிங்கிஸோடு 1999, 2002 ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்கள். பெண்கள் இரட்டையரை யாரும் காட்டவில்லை, அதனால் அந்த வெற்றியை யாரும் பார்க்கவில்லை. தப்பு கேமராவுடையது.

ஸ்மிருதி மந்தனாவுக்கு 2023 மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 3.4 கோடி, அந்த ஏலத்தின் உச்ச விலை. அந்த சீசனில் எட்டு இன்னிங்ஸில் 149 ரன். விலைக்கு ஆடவில்லை என்று கிழித்தார்கள். அடுத்த வருஷம் அவர் தலைமையில் பெங்களூரு கோப்பை வாங்கியது. 2025 உலகக் கோப்பையில் 434 ரன். எட்டு இன்னிங்ஸ் என்பது டி20யில் ஒன்றுமே இல்லாத கணக்கு, இரண்டு தடவை சீக்கிரம் அவுட் ஆனாலே சராசரி சாய்ந்துவிடும். அதே உலகக் கோப்பையில் தொடர் நாயகி தீப்தி சர்மா: 22 விக்கெட், 215 ரன், இறுதிப் போட்டியில் 58 ரன்னும் 39க்கு 5 விக்கெட்டும். உங்கள் மாணவிகளிடம் இரண்டு பேர் படத்தையும் காட்டிப் பெயர் கேளுங்கள். எந்தப் பெயர் முதலில் வருகிறது என்று பார்த்தால், பலகைக்கு யார் தேவை என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதை. கெய்ட்லின் கிளார்க் கல்லூரிக் கூடைப்பந்தில் 3,951 புள்ளி எடுத்தவர், பில்டப் காலியானது என்று யாரும் சொல்ல முடியாது. 2024 கல்லூரி மகளிர் இறுதிப் போட்டியை 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடி. ஆனால் அந்த இறுதியில் கிளார்க்கின் அயோவா 75க்கு 87 என்று தோற்றது. ஜெயித்த தென் கரோலினா அந்த சீசன் முழுக்க 38 ஆட்டம், 38 வெற்றி. கிளார்க்கைப் பார்க்க வந்த கூட்டம்தான் தென் கரோலினாவையும் பார்த்தது. கூட்டத்தைக் கொண்டு வந்தது அவருடைய உழைப்பு. வந்த கூட்டத்துக்கு ஜெயித்த அணியின் பெயரைச் சொல்லித் தருவது ஊடகத்தின் வேலை, அது சரியாக நடக்கவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பாரிஸ் 2024 பாராலிம்பிக் பேட்மிண்டன், பெண்கள் எஸ்யூ5 (கையில் குறைபாடு உள்ளவர்கள்) பிரிவு: வெள்ளி துளசிமதி முருகேசன், வெண்கலம் மனிஷா ராமதாஸ். இரண்டு பேரும் தமிழ்நாடு, ஒரே மேடை. துளசிமதி காஞ்சிபுரம், வாலாஜாவில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர். எஸ்எச்6 (உயரம் குறைந்தவர்கள்) பிரிவில் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். ஒரே போட்டியில் மூன்று தமிழ்ப் பெண்கள். இவர்களுக்கு உங்கள் பலகையில் மூன்று வாரம் கொடுங்கள் மேடம், கேட்டுக்கொள்கிறேன்.

காட்பாடிவாசி:

எல்லாருக்கும் நன்றி. அந்த "110 கிலோ" ரீலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. மறுபக்கமும் அதேதான். பூட்டு போட்டிக் காலர் மாதிரி தெரியவில்லை, சாதாரண ஸ்பிரிங் கிளிப். ஒரு பக்கம் 40, இரண்டு பக்கம் 80, பார் 15. ஆக 95. கணக்கு சரியா?

குடியாத்தம் பார்பெல்:

சரிதாங்க்கா. ஸ்பிரிங் கிளிப்புக்கு எடை சேக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் பாருங்க: பார் நடுவுல, மார்பு படுற இடத்துல சொரசொரப்பு இருந்தா அது ஆண்கள் பார், அப்போ 100. பெண்கள் பார்ல நடு வழுவழுன்னு இருக்கும், கொஞ்சம் மெல்லிசாவும் இருக்கும். ஆண்கள் பார் 28 மில்லிமீட்டர், பெண்களுது 25. போட்டி பார்ல பட்டை நிறமும் வேற, பெண்களுக்கு மஞ்சள், ஆண்களுக்கு நீலம்.

காட்பாடிவாசி:

நடுவில் சொரசொரப்பு இல்லை, பட்டை மஞ்சள். 95தான். முழங்கை நேராக இருக்கிறது, கால் சேர்ந்து நிற்கும் வரை வீடியோவும் ஓடுகிறது.

வெள்ளை விளக்கு:

அப்படியானால் அது செல்லுபடியாகிற தூக்கு. பலகையில் 95 என்று எழுதி, அந்தப் பெண்ணின் உடல் எடையையும் கேட்டுப் பக்கத்தில் போடுங்கள். 58 கிலோப் பிரிவுப் பெண் ஒருத்தி 95ஐ ஜெர்க்கில் சுத்தமாக நிறுத்தினால் அது நல்ல தூக்கு. 110 என்று போட வேண்டிய அவசியமே அவருக்கு இருந்திருக்காது. முதல் வாரத்துக்கு மீராபாயின் நாலு டோட்டலையும் சதீஷின் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுங்கள், இரண்டாவது வாரம் துளசிமதி.